அளவு கேட்டவள்

அவளுடைய பெயரை எழுத மாட்டேன். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. தோட்டத்துப் புள்ள என்பார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அங்கே கலவரத்தில் அடித்து எரித்த பிறகு எங்கெங்கோ தங்கி, கடைசியாக எங்கள் படுவான்கரைக்கு வந்து சேர்ந்தாள். வாவிக்கு மேற்கே கிடக்கிற கரையைத்தான் அப்படிச் சொல்வது. கிழக்குக் கரையில் குருக்கள்மடமும் பெரிய ரோட்டும் ஆமியும். எங்கள் கரையில் பெடியள், இயக்கக்காரரை அப்படித்தான் சொல்வோம். நடுவில் தண்ணீர். இப்படி இரண்டு பக்கமும் துவக்கு இருக்கிற இடத்துக்கு ஒரு பெண் தனியாக, ஒரு துணிப்பையோடும் எழுதுகிற தடித்த சீஆர் கொப்பி ஒன்றோடும் ஏன் வருகிறாள்? நான் கேட்டேன். அந்தக் காலத்தில் இதைக் கேட்காமல் இருந்தவன் கெட்டிக்காரன் இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் தகப்பன் போடியார் வயலில் முல்லைக்காரன். நிலம் போடியாருடையது, மாடு போடியாருடையது, இடுப்பு நோவு மட்டும் எங்களுடையது. ஒன்பது வயதில் துறையில் மூட்டை தூக்கத் தொடங்கினேன். இருபத்தைந்தில் சொந்த வள்ளம். முப்பத்திரண்டில் செங்கல் அறுத்துச் சுடுகிற வாடி. எங்கள் துறையில் முதல் ஓட்டு வீடு போடியாருடையது, இரண்டாவது என்னுடையது. போடியாருடையதில் இப்போது கூரை இல்லை. என்னுடையது நிற்கிறது, வந்து பார்க்கலாம். எவரும் எனக்கு எதுவும் தந்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மைக்குச் சொல்கிறேன்.

அவள் என் வாடிக்குக் கல் சுமக்க வந்தாள். வாடியில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். தலையில் பலகை, பலகையில் பன்னிரண்டு கல். ஆணுக்கும் பன்னிரண்டு, பெண்ணுக்கும் பன்னிரண்டு. அவள் எட்டுக் கல் அடுக்கிக்கொண்டு, ஒன்பதாவதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தபடி என்னிடம் கேட்டாள்.

"பன்னெண்டுங்கிறது யாரு அளவுங்கண்ணே?"

"என்ர அளவு. நான் இருவது தூக்கினவன், தெரியுமா?"

"அப்ப உங்க அளவு இருவதுங்க. பன்னெண்டு யாரு அளவு?"

சுற்றி நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். "வேலையப் பாரு புள்ள" என்றேன். பன்னிரண்டு எப்படி வந்ததென்று அன்று பின்னேரம் முழுவதும் யோசித்தேன். பலகையின் நீளம் அவ்வளவுதான், அதில் பன்னிரண்டுதான் கொள்ளும். அந்தப் பலகை உடைந்த வள்ளமொன்றில் இருந்து நானே கழற்றி எடுத்தது. அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

இதுதான் அவளுடைய குணம். எதைக் கண்டாலும் யாருடைய அளவு என்று கேட்பாள். கோயில் மணிக் கயிறு ஏன் அந்த உயரத்தில் தொங்குகிறது என்று வண்ணக்கரிடமே கேட்டாள். கோயிலை நடத்துகிற பெரிய மனிதர் அவர், சிரித்து மழுப்பிவிட்டார். என் வீட்டுக்கு ஒருமுறை பச்சைமிளகாய் நாற்று வாங்க வந்தவள் கிணற்றடியில் நின்றுவிட்டாள். அந்தக் கிணற்றுக்கட்டு நானே கல் வைத்துக் கட்டியது. என் இடுப்பு உயரம்.

"இந்தக் கட்டு யாரு அளவுங்கக்கா?"

என் மனைவி வாளியைக் கீழே வைத்தாள். "பதினாறு வருசமாக் குதிக்காலைத் தூக்கித்தான் தண்ணி அள்ளுறன் புள்ள. இண்டைக்குத்தான் ஒராள் கேட்டிரிக்கி."

அவ்வளவுதான். மனைவி அவள் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் வீட்டில் ஆக்கிய கறி அவள் இருந்த பள்ளிக்கூடத்து அறைக்குப் போகத் தொடங்கியது. ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் அடுப்படியைத்தான் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வியாபாரம் செய்தவன் நான்.

தோட்டத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் சூளை மூட்டிவிட்டு எல்லாரும் ஆறி இருந்தபோது நானே கேட்டேன், அங்கே போடியார்மார் போல யாரும் உண்டா என்று.

"எங்க லயத்துல ஏற்றத்தாழ்வே இல்லீங்கண்ணே. எல்லாருக்கும் ஒரே காம்பரா. பத்துக்குப் பன்னெண்டு அடி. ரெண்டு பேரு இருந்தாலும் அதே, ஒம்பது பேரு இருந்தாலும் அதே. கொழுந்தும் எல்லாருக்கும் ஒரே எடைதான் எடுக்கணும். எடுத்தா முழுப்பேர் போடுவாங்க, முழுநாள் சம்பளம். கொறஞ்சா அரைப்பேர், அரைச் சம்பளம். புள்ளத்தாச்சியா இருந்தாலும் அதே எடை, கெழவியா இருந்தாலும் அதே எடை. அவ்வளவு சமம்."

சொல்லும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. பகிடியா, மெய்யா என்று பிடிபடவில்லை. கதைக்கிற ஆளின் முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் எனக்கு அது சரிவராது. என் மனைவியின் தம்பி யோகன் பக்கத்தில் இருந்தான். என் காதுக்குள், "மச்சான், படிச்ச பேச்சு இது. கல்லுச் சுமக்க வந்த ஆள் இல்ல" என்றான்.

யோகன் எட்டாம் வகுப்புப் படித்தவன், அதனால் எங்கள் நிவாரணக் கமிட்டிக்குச் செயலாளர். தலைவர் நான்.

அவனுக்குச் சந்தேகம் வர இன்னொரு காரணமும் இருந்தது. விறகுக்குப் பாஸ் எடுக்க நாங்கள் ஆறேழு பேர் அக்கரைக்குப் போனோம். ஆமிக்காரன் ஒவ்வொருவராக அடையாள அட்டை பார்த்தான். நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். இவளும் சிரித்தாள். எங்களை விட்டுவிட்டான். நல்லதுதான். ஆனால் திரும்பி வரும்போது ஒருவரும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

"என்ன கேட்டான் உன்னட்ட?" என்றேன்.

"எந்தூருன்னு கேட்டான். அவனும் பதுளைப் பக்கமாம்."

"அதுக்கு ஏன் சிரிக்கோணும்?"

"குளிர் இல்லாம தூக்கமே வரலைன்னான். எனக்கும் அப்படித்தான்னேன்."

இதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. பிழை சொல்ல ஒன்றும் இல்லாத பதில்களைத்தான் நான் அதிகம் நம்புவதில்லை.

இனி அரிசிக் கதைக்கு வருகிறேன். ரோடெல்லாம் மூடிக் கிடந்த மாதங்கள். அக்கரையில் இருந்து பாதையில் அரிசி வரும். பாதை என்றால் பலகை பரப்பின மிதவை, வடம் பிடித்து இழுப்பது. எங்கள் பக்கத்தில் அதைப் பாதை என்றுதான் சொல்வோம். குடும்பத்துக்கு ஐம்பது கிலோ மூட்டை ஒன்று. முதல் தரம் வந்தபோது போடியார் தன் முல்லைக்காரர் நாலு பேரை அனுப்பி நாலு மூட்டையைத் தூக்கிப் போய்விட்டார். தன் நாலு மகள்மாரும் நாலு குடும்பமாம். முல்லைக்காரர்மாரின் வீட்டுக்கு அரிசி இல்லை. கமிட்டி கூடியது. நான் எழுந்து ஒரு சட்டம் சொன்னேன்.

"தன்ர மூட்டையத் தானே தூக்கோணும். துறையில இருந்து வேம்படி மட்டும். தூக்கினாத்தான் அவருக்கு. மற்றாள் கை வைக்கொண்ணா. போடியாரெண்டும் இல்ல, கூலியெண்டும் இல்ல. எல்லாருக்கும் ஒரே மூட்டை. நான் தூக்கினன், நீயும் தூக்கு."

கைதட்டினார்கள். படித்தவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுகிற சமத்துவத்தை நான் ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்தேன். கோயிலில் என் தகப்பனுக்குக் கடைசியாகத்தான் திருநீறு வரும். குடி பார்த்து, தரம் பார்த்து, தட்டு போடியாரிடம் முதலில் போய், சுற்றி, எங்களிடம் வரும்போது தட்டில் சாம்பல் வாசம் மட்டும் இருக்கும். அரிசித் துறையில் அந்த ஒழுங்கு இல்லை. முந்தி வந்தவன் முந்தித் தூக்கலாம்.

இரண்டாம் தரம் அரிசி வந்த அன்று போடியார் தானே வந்தார். வெள்ளை வேட்டி. மூட்டையை அணைத்துப் பிடித்தார், ஒரு பெண்ணைப் பிடிப்பதுபோல. நாலு அடி. பிறகு மூட்டை கீழே, போடியார் மேலே. அவருடைய முல்லைக்காரன் ஒருவன், "போடியார், மூட்டை உங்களத் தூக்கட்டா?" என்று கேட்டான். துறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். என் தகப்பன் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும். போடியார் அரை மணித்தியாலம் உருட்டி உருட்டி வேம்படிக்குக் கொண்டுபோனார். உருட்டலாமா என்று யோகன் கேட்டான். விடச் சொன்னேன். நான் கொடியவன் இல்லை.

அவளும் வரிசையில் நின்றாள். மூட்டையை முதுகில் போட்டு, நெற்றியில் சேலைத்துண்டால் கொளுவி, தோட்டத்தில் கூடை சுமப்பதுபோலச் சுமந்துகொண்டு போனாள். வேம்படியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து கொப்பியில் ஏதோ எழுதினாள்.

அடுத்த தரம்தான் பூமணி வந்தாள். வயிற்றில் எட்டு மாதம். புருசன் வயலுக்குப் போய்த் திரும்பி வராதவன். மூட்டையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. இழுக்கப் பார்த்தாள். மணலில் ஒரு முழம் வந்தது. வரிசையில் நின்ற ஒருவன் கை கொடுக்கப் போனான்.

"கை வைக்கொண்ணா" என்றேன். "ஒருத்தருக்கு விட்டா மறுகாப் போடியாருக்கும் விடோணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்டு."

என் குரல் தடிக்கவில்லை. நியாயம் பேசுகிறவன் சத்தம் போடத் தேவையில்லை. பூமணி என்னைப் பார்த்துவிட்டு மூட்டையை விட்டுவிட்டுப் போனாள். தோட்டத்துப் புள்ள வரிசையை விட்டு வந்து அந்த மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இந்த மூட்டையத் தச்சவங்க யாருக்கு அளவெடுத்துத் தச்சாங்கண்ணே?"

"உனக்கு விளங்காது புள்ள. இது சமத்துவம்."

"விளங்குதுங்க. நான் அதுலதான் பொறந்தேன்."

அன்று பின்னேரம் அவள் தன் அரிசியில் பாதியைப் பூமணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாக மனைவி சொன்னாள். நல்ல மனசு என்று மனைவி சொன்னாள். ஆள் பிடிக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அதற்கு மறு கிழமை யோகன் அவளுடைய கொப்பியை என் முன்னால் கொண்டுவந்து போட்டான். வாடிக் கொட்டிலில் பலகைக்குக் கீழே இருந்ததாம். விரித்துச் சத்தமாக வாசித்தான்.

"முதலாம் வீடு. ஓட்டுக் கூரை. இரண்டு வள்ளம். செங்கல் வாடி ஒன்று. கிணற்றுக்கட்டு வீட்டுக்காரரின் இடுப்பு உயரம். இரண்டாம் வீடு. ஓட்டுக் கூரை. நெல் வைக்க மூன்று அறை. மூன்றாம் வீடு. கிடுகுக் கூரை. ஆண் இல்லை." இப்படி நாற்பத்தொரு வீடு. பெயர் ஒன்றும் இல்லை, இலக்கம் மட்டும்.

யோகன் கொப்பியை மூடினான். "மச்சான், ஊர் முழுக்க இதில கிடக்கு. அங்கால ஆமிக்குக் குடுக்க எழுதினாளோ, இஞ்சால குடுக்க எழுதினாளோ. எதெண்டாலும் நாம துலைஞ்சம். பெடியளிட்டச் சொல்லுவம்."

சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இப்படி எழுத்தோடு பிடிபட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூட்டிப்போன மூன்று பேரில் ஒருவர் திரும்பி வந்தார், அவரும் பேசாதவராக வந்தார்.

"நான் வாசிச்சிட்டுச் சொல்றன்" என்றேன்.

"நீங்களா?" என்றான். அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

மூன்று பின்னேரம் வாசித்தேன். கொட்டிலுக்குள் இருந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து. இரண்டாம் நாள் அவள் வந்து, "அண்ணே, ஒரு கொப்பியக் கண்டீங்களா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். அவள் என் விரலைப் பார்த்தாள். விரலில் மை இருந்தது. பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

நாற்பத்தொரு வீட்டுக்குப் பிறகு அது வேறு விதமாகப் போனது. ஒரு நாடு. வரப்போகிற காலத்தில் இருக்கப்போகிற நாடாம். வாவி வற்றிப்போய் வள்ளங்களெல்லாம் மணலில் கிடக்கிற நாடு. அங்கே ஏழை பணக்காரன் இல்லை என்று ஒரு மனிதன் சட்டம் கொண்டுவருகிறான். அந்த மனிதனை மூத்தவர் என்று எழுதியிருந்தாள். வாசிக்க வாசிக்க என் காது சூடானது. மூத்தவர் பேசுகிற ஒவ்வொரு வசனமும் நான் பேசியது. நான் அவளிடம் சொன்னது, வரிசையில் சொன்னது, என் மனைவியிடம் சொன்னது. என் வாயில் இருந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து ஒரு கொடிய நாட்டைக் கட்டியிருந்தாள், என் வாடியிலே கல் சுமந்தபடி.

மூன்றாம் நாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அது தமிழ் இல்லை. வட்டம் வட்டமாக, ஒரு பக்கம் முழுவதும் சிங்கள எழுத்து. கீழே ஒரு கோடு.

கதை என்றால் கதை. இது என்ன? எனக்கு வாசிக்கத் தெரியாது, யோகனுக்கும் தெரியாது, ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவள். கொட்டில் வாசலில் மூன்று தரம் எட்டிப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டேன். இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாளோடு அவள் பிடிபட்டால், அவளுக்கு வேலை கொடுத்தவனையும் கூப்பிடுவார்கள்.

மறுநாள் அரிசி வந்த நாள். வரிசை துறை வரைக்கும் நின்றது. யோகன் எனக்காகக் காத்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் பொறுப்பாளர் வந்து இறங்கினார், பின்னால் துவக்கோடு ஒருவன். பொறுப்பாளர் என்றால் எங்கள் பகுதிக்குப் பெடியளின் பெரியவர், ஆனால் வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. தோட்டத்துப் புள்ளையை வரிசையில் இருந்து கூப்பிட்டு மணலில் இருக்க வைத்தார்கள். கொப்பியை என்னிடம் கேட்டார்கள். கொடுத்தேன். முதல் பக்கத்தை விரித்தார்.

"முதலாம் வீடு, ரெண்டு வள்ளம். ரெண்டாம் வீடு, நெல் அறை மூண்டு. ஐயா, இது என்னது?"

"கதை, தம்பி."

"செயலாளர் ஊர்க் கணக்கெண்டு சொல்றார்."

"அது துவக்கம். அங்கால போனாத்தான் கதை."

"நீங்க வாசிச்சநீங்களா?"

"ஓம். மூண்டு நாள்."

யோகன், "அவருக்கு வாசிப்பு வராது" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் வரிசை கேட்டது.

"கதையெண்டா ஆரைப் பற்றின கதை?" என்றார் பொறுப்பாளர். "வீட்டுக்கு வீடு சாமான் எழுதி வைச்சிரிக்கி. கதைக்கு ஏன் இது?"

மணலில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள். "வீடு மெய்யா இருந்தாத்தாங்க, சட்டம் பொய்யின்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும்."

"உன்னைக் கேக்கல்ல" என்றான் துவக்குக்காரன்.

பொறுப்பாளர் கொப்பியை என்னிடம் நீட்டினார். "வாசியுங்க பாப்பம். கதையெண்டா எல்லாரும் கேக்கட்டும்."

எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். வேறு பக்கம் எடுத்திருக்கலாம். வாவி வற்றுகிற பக்கம் இருந்தது, யாருக்கும் நோகாத பக்கம். ஆனால் அதை வாசித்தால் எங்கள் வாவியின் விபரம் என்று யோகன் சொல்வான். கதை என்று நிச்சயமாகக் காட்டுகிற பக்கம் ஒன்றுதான் இருந்தது. நான் மாட்டிக்கொண்டேன். விரலை வைத்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். இப்போது நேராக எழுதுகிறேன், அன்று அப்படி வரவில்லை.

"அந்த நாட்டில் பத்தாம் வயதில் எல்லாருக்கும் ஒரு மூட்டை கொடுக்கப்படும். மூட்டைகள் எல்லாம் ஒரே எடை. தூக்கி முடித்தவர் முழுப்பேர். பாதி வழியில் இறக்கியவர் அரைப்பேர், அவரை அவருடைய பெயரில் பாதி சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தூக்காதவருக்குப் பெயர் இல்லை. ஆகவே அங்கே ஏழையும் இல்லை, பணக்காரரும் இல்லை. முழுப்பேரும் அரைப்பேரும் பெயரில்லாதவரும் மட்டுமே இருந்தார்கள்."

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"மூத்தவருக்குத் துறையில் சிலை வைத்தார்கள். சிலைக்குக் கீழே, நான் தூக்கினேன், நீயும் தூக்கு, என்று வெட்டியிருந்தது. மூத்தவர் தினமும் அங்கே வந்து, ஒன்பது வயதில் தான் தூக்கிய முதல் மூட்டையைப் பற்றிச் சொல்லுவார். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் அந்த மூட்டை ஐந்து கிலோ கூடும்."

முதலில் சிரித்தது போடியார். "அது மெய்தானே" என்றான் வரிசையில் ஒருவன். "போன கிழமை எழுவது கிலோவில நிண்டது" என்றாள் என் வாடியில் வேலை செய்கிற ஒருத்தி. பிறகு எல்லாரும். துவக்குக்காரனும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வரியை விட்டு விரலை எடுக்கவில்லை. எடுத்தால் இடம் தவறிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூட்டையின் எடையை நான் வேண்டுமென்று கூட்டிச் சொன்னதில்லை. பழைய விஷயம், சில வேளை மறந்திருக்கலாம்.

பொறுப்பாளருக்கும் சிரிப்பு வாயோரத்தில் நின்றது. "ஆர் ஐயா இந்த மூத்தவர்?"

யோகன் கீழே பார்த்தான். அவளும் என்னைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். "அது என்ர பேச்சு. ஒரு எழுத்துப் பிசகாம எழுதியிரிக்கிறா. கணக்கெழுதிற ஆள் இப்பிடி எழுத மாட்டா தம்பி. என்னில கோபம், அதில எழுதினது."

நான் இன்னும் ஒரு பக்கம் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணால் கண்டேன், பூமணியின் மூட்டையைப் போடியாரின் முல்லைக்காரன் தோளில் போட்டுக்கொண்டு வேம்படியையும் தாண்டிப் போகிறான். பூமணி பின்னால் நடக்கிறாள். நான் வாசிப்பை நிறுத்தவில்லை.

பொறுப்பாளர் கொப்பியை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் தாள் கிழிந்த ஓரத்தில் அவருடைய பெருவிரல் கொஞ்ச நேரம் நின்றது. என் இடுப்பில் வியர்வை ஊறித் தாள் ஒட்டியது.

"கதையாத்தான் கிடக்கு" என்றார். "எண்டாலும் வெளியாள் இஞ்ச இரிக்கொண்ணா. இண்டைக்கே பாதையில ஏத்தி விடுங்க. கொப்பி எங்களிட்ட நிக்கட்டும்."

கொப்பி போகிறது என்று கேட்டபோதுதான் அவள் எழுந்து ஒரு அடி வைத்தாள். துவக்குக்காரன் பார்த்தான். அவள் நின்றுவிட்டாள்.

உயிர் தப்பியது. தப்பவைத்தவன் நான். இதை ஊரில் இன்றைக்கும் யாரும் சரியாகச் சொல்வதில்லை, ஆகவே நானே எழுதுகிறேன். அன்று அந்தக் கரையில் அவளுக்காக வாய் திறந்தவன், மூன்றாம் வகுப்புப் படித்த நான் ஒருவன்தான்.

என் மனைவி ஒரு பொட்டலம் சோறு கட்டிக் கொடுத்தாள். தோட்டத்துப் புள்ளையின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பாதை அவிழ்க்க ஆயத்தம். வடத்தைப் பார்ப்பவன்போல நான் தண்ணீருக்குள் இறங்கி அவளுக்குப் பக்கத்தில் போனேன். மடித்த தாளை அவள் கைக்குள் வைத்தேன்.

"உன்ர கொப்பியில கிடந்தது."

அவள் விரிக்கவில்லை. தொட்டதும் தெரிந்துவிட்டது. முகம் மாறுகிறதா என்று உற்றுப் பார்த்தேன். மாறவில்லை. எப்போதும் போல ஒன்றும் இல்லாத முகம்.

"நீங்கதான் கிழிச்சீங்களாண்ணே?"

"ஓம்."

"அப்ப அவங்க பாக்கலை."

"பாக்கல்ல. என்ன எழுதியிரிக்கி அதில?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்த நாலைந்து மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட கேள்வியெல்லாம் அளவைப் பற்றியது. இது வேறு.

"நம்புவீங்கன்னா சொல்றேன்."

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சொல்லியிருப்பாள். துறையில் யோகன் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களால்தான் சொல்லவில்லை என்று எழுதலாம் என்று பார்க்கிறேன், ஆனால் அவர்கள் தூரத்தில் நின்றார்கள், கேட்டிருக்காது.

"பொழுது போகுது. ஏறு புள்ள" என்றேன்.

தலையை ஆட்டினாள். ஏறினாள். பாதைக்காரன் வடத்தை இழுக்கத் தொடங்கினான். எல்லாரும் வேம்படிப் பக்கம் போய்விட்டார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். கண் கூசியது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாளை அவள் வாவியில் போடுகிறாளா, அக்கரைக்குக் கொண்டுபோகிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.